வீட்டுக்குப் போகிற ஆணி

காலை எட்டே முக்காலுக்கு ஷரபுன்னிசா டீச்சர் ஒரு தகர டம்ளரை மூன்றாவது ஆணியில் மாட்டுவார். ஓர் அடி பின்வாங்கிப் பார்ப்பார். பிறகு அதைக் கழற்றி நாலாவது ஆணிக்கு மாற்றுவார். “நேத்து மருதை பால் குடிச்ச கையோட தூங்கிட்டான். இன்னிக்குப் பாலைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்” என்பார். யாரிடம் சொல்கிறார் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அறையில் வேறு ஆள் கிடையாது. மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நான் நிற்பேன். என்னை அவர் ஆளாகச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சுவரில் ஒன்பது வரிசை ஆணிகள், வரிசைக்கு ஏழு. ஒவ்வொரு வரிசையும் ஒரு பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில். நூல்கண்டு தொங்கினால் பாசி கோக்க வேண்டும். துண்டு தொங்கினால் குழாயடிக்குப் போய் முகம் கழுவ வேண்டும். கொட்டாங்கச்சி என்றால் மணல் அளக்கிற வேலை. வேலை முடிந்ததும் பிள்ளை அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த ஆணியைப் பார்க்கும். ஏழாவது ஆணிக்கு மட்டும் எல்லா வரிசையிலும் ஒரே வேலைதான். காலையில் வந்ததும் அவரவர் துணிப்பையை அதில் மாட்ட வேண்டும். அதுதான் வீட்டுக்குப் போகிற ஆணி. எழுத்து ஏறாது, மணி பார்க்க வராது என்று மற்ற வகுப்புகளிலிருந்து கழித்துவிடப்பட்ட ஒன்பது பிள்ளைகளுக்கு டீச்சர் போட்ட டைம் டேபிள் இது.

எங்கள் ஆரம்பப் பள்ளி மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடைவீதிக்குப் பின்சந்தில் இருக்கிறது. மானேஜர் பரக்கத் அலி சாயபுக்கு மிளகாய் மண்டி. இந்த அறை அவருடைய கிடங்காக இருந்தது. அறுபத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம் டீச்சர் அவரிடம் போய் நின்றார். ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. கடைசியில் சாயபு இறங்கி வந்தார். “ஆறு மாசம் தரேன் டீச்சரம்மா. அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்து தனி வகுப்புன்னு எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா என் மூட்டை என் ரூமுக்கு வந்துடும்.” முதல் வாரம் அந்தப் பிள்ளைகள் தும்மினார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்களும் தும்மினோம். டீச்சர் முழங்கால் வரை தண்ணீரில் நின்று நாலு முறை அறையைக் கழுவிவிட்டார்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் அதற்கு முன் எட்டு வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தவர். நல்ல பெயரும் உண்டு. பாசிகளை நிறம் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார். “ஜஹானாரா இருக்காளே, வளையல் கடைக்காரர் பொண்ணு, அவ என் ரெண்டாங் கிளாஸ்ல இருந்தவ சார். ‘எந்த வகுப்புக்கும் தகுதியில்லை’ன்னு எழுதி பேர அடிச்சது யாருங்கறீங்க? இந்தக் கைதான்.” பேரை அடித்த அந்தக் கோடை விடுமுறையில் மதராசுக்குப் போய், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு பள்ளியில் பத்து நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்பது பேரைச் சேர்த்தார். பன்னிரண்டு வயது மருதையை அவன் தாய் திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருகிறாள்.

எங்களுக்கெல்லாம் நாற்பது நிமிடம் ஒரு பீரியட். அவருக்கு ஊதுபத்திதான் கடிகாரம். மருதைக்கு இரண்டு விரற்கடை, ஜஹானாராவுக்கு அரை விரற்கடை என்று கத்தரித்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். வேலையோடு பத்தியையும் ஏற்றிக் களிமண் உருண்டையில் குத்தி வைப்பார். புகை நின்றால் வேலை நின்றது. ஜஹானாராவின் அரை விரற்கடை செப்டம்பரில் முக்காலாயிற்று. அன்றைக்கு அவர் தட்டிக்கு மேல் தலையை நீட்டி, பின்ன வகுத்தலின் நடுவில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் “பாவம்” என்றால் அவருக்கு ஆகாது. “பாவத்த அப்புறம் பாத்துக்கலாம், இந்தப் பாசிய நாலு கோத்துக் குடுங்க” என்று ஊசியை நீட்டுவார். நகராட்சி உறுப்பினர் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கோத்ததை நானே பார்த்தேன். சேலை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊக்குகள் வரிசையாக இருக்கும். நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். அந்தச் சுவரை யாராவது தொட்டால் மட்டும் குரல் மாறிவிடும்.

அந்தச் சுவரில்தான் நான் கை வைத்தேன்.

எங்கள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டீச்சர் வீட்டுக்குப் போன பிறகு, சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. ஹெட்மாஸ்டர் பிச்சமுத்து டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுண்ணாம்பு அடிக்காத பள்ளிக்கூடம் இந்த ஜில்லாவில் உண்டா? வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரும் நானும் பியூன் வீரமலையும் அந்த அறையில் இறங்கினோம். அறுபத்து மூன்று ஆணிகளையும் குறட்டால் பிடுங்கிய பாவி நான்தான். ஓட்டைகளைக் காரை வைத்துப் பூசி, இரண்டு கை வெள்ளை அடித்தோம். பொருள்களை எல்லாம் கூடையில் அழகாக அடுக்கினேன். அட்டையில் சிவப்பு மசியால் ‘9.30 தமிழ், 10.10 கணக்கு’ என்று ஒரு டைம் டேபிள் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். ஒரு நாளைக்குத்தானே, முறைப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆறு மாதம் தட்டிக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “ஆணியெல்லாம் எங்க சார்?” என்று மட்டும் கேட்டார். வீரமலை டப்பாவைக் கொண்டு வந்தான். பாதி வளைந்து கிடந்தன.

அதற்குள் ஜஹானாரா வந்துவிட்டாள். பையோடு நேரே தன் இடத்துக்குப் போனாள். வெள்ளைச் சுவரில் உள்ளங்கையால் தடவினாள். இடமும் வலமும் தடவினாள். “வூடு?” என்றாள். அந்தப் பெண்ணுக்கு வரும் சொற்களே இருபது இருக்காது. “வூடு இல்ல. வூடு இல்ல.” பிறகு அது அலறலாகிவிட்டது. நெற்றியைச் சுவரில் மோதத் தொடங்கினாள். பின்னாலேயே வந்த மற்றப் பிள்ளைகளில் இரண்டு அதைப் பார்த்து அழுதன, மருதை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். பை மாட்ட ஆணி இல்லை என்றால் இன்றைக்கு வீடு கிடையாது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. ஒன்பது பேருக்கும் வீட்டைப் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டீச்சர் ஒரு கையை அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்தார். மறு கையை என் பக்கம் நீட்டினார். “சுத்தியல்.”

அவளுடைய ஏழாவது ஆணியைத்தான் முதலில் அடித்தார். ஈரக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. பையை மாட்டியதும் ஆணி பையோடு விழுந்தது. சற்றுத் தள்ளி மறுபடி அடித்தார். மறுபடி விழுந்தது. கண் முன்னால் இரண்டு தடவை வீடு விழுந்த பிள்ளை எப்படி அலறும் என்று நான் எழுதப் போவதில்லை. “மூணு அங்குல ஆணி வேணும். இரும்புக் கடைக்கு ஓடுங்க வீரமலை” என்றார். அவன் ஓடினான். அவர் நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் வரிசைக்குப் போய், ஒவ்வொருவருக்கும் ஏழாவது ஆணியை மட்டும் அடித்துக்கொண்டே வந்தார். அங்கே காரை காய்ந்திருந்தது. பை ஏறியதும் ஒவ்வொரு அழுகையாக நின்றது.

ஹெட்மாஸ்டர் வேர்த்து வழிய வந்தார். “டீச்சர், ஒன்பதரைக்கு வந்துடுவார். இந்தச் சத்தத்தக் கேட்டா என்ன எழுதுவார்? அந்தப் பொண்ண மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுங்க. இன்னிக்கு ஒரு நாள்.”

“இப்படி அழுதுகிட்டே போனா அவ திரும்பி வரமாட்டா சார். இன்னொரு தடவ நான் அவ பேர அடிக்கணுமா?”

எட்டு ஆணிகள் ஏறிவிட்டன. வீரமலை மூச்சிரைக்க வந்து நீள ஆணியை டீச்சர் கையில் வைத்தான். அவன் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் வந்து நின்றார், கூடவே பரக்கத் அலி சாயபும்.

“என்ன இது? வகுப்பு நேரத்துல தச்சு வேலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“டைம் டேபிள் அடிக்கிறேன் சார்” என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் என் சட்டத்தைக் காட்டினார். “அதான் நல்லா எழுதி மாட்டியிருக்கே. அதக் கீழ வைங்கம்மா.”

ஹெட்மாஸ்டர் பாய்ந்து சுத்தியலை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஆணி டீச்சரின் கையிலேயே இருந்தது. ஜஹானாரா பையை மார்போடு அணைத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். அலறல் ஓய்ந்து, விடாத ஒரு முனகலாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் டீச்சரின் மேஜையருகே நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மருதையைக் கூப்பிட்டார். “தம்பி, இப்ப என்ன பாடம்?” மருதை தன் வரிசையைப் பார்த்தான். அதில் பையைத் தவிர ஒன்றும் இல்லை. சாயபு என்னைப் பார்த்தார். என் கண்ணுக்கு மிளகாய் மூட்டைகள் தெரிந்தன.

டீச்சர் கூடையிலிருந்து தகர டம்ளரை எடுத்து மருதையின் கையில் வைத்தார். மருதை டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்தான். கூடையிலிருந்த மற்ற டம்ளர்களையும் எடுத்து வரிசையாக வைத்தான். பால் பவுடர் கரைத்த வாளியிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் முகந்து ஊற்றினான். சுவரோரம் நின்றவளுக்கும் ஒன்றைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தான். ஒன்பது டம்ளரும் தீர்ந்தன. புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று யோசித்தான். தன் பங்கை எடுத்துப் போய் இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் வைத்தான்.

அவர் குடிக்கவில்லை. “அந்தப் பொண்ணு ஏன் அங்க நிக்குது?” என்று கேட்டார்.

“அவளோட வீட்டுக்குப் போற நேரம் காணாமப் போயிடுச்சு சார். நான் தேடிக் குடுக்கணும்” என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் பேனாவைப் பார்த்தோம். டீச்சர் பார்க்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி உறுதியான இடம் தேடிக்கொண்டிருந்தார். எழுதி முடிக்க இன்ஸ்பெக்டருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

பார்வையாளர் புத்தகத்தை ஹெட்மாஸ்டர் உரக்கப் படித்தார். தனி வகுப்பாக ஓராண்டுக்கு அனுமதிக்கப்படுகிறது. கடைசியில் ஒரு வரி. ‘சுவரில் ஆணிகள் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. உள்ளவை அகற்றப்பட வேண்டும், புதிதாக ஒன்றுகூட அடிக்கலாகாது.’

“தாயுமானவர் காப்பாத்திட்டார் டீச்சர்!” என்ற ஹெட்மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆணிய எல்லாம் சாயங்காலமே பிடுங்கிடுவோம்.”

டீச்சர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டரும் சாயபும் வெளியே போனார்கள்.

“போயிட்டாரா சார்?” என்று என்னைக் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். “இல்லீங்க. வராந்தாவுல ஷூ மாட்டிக்கிட்டு இருக்கார்.”

ஜஹானாரா இன்னும் முனகிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஹெட்மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் கை விட்டுச் சுத்தியலை எடுத்தார். ஆறு மாதத்தில் ஒரு நாளும் தலையிலிருந்து நழுவி நான் பார்த்திராத முக்காட்டை இழுத்து, அந்த முந்தானையைச் சுத்தியலின் இரும்பின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணியைச் சுவரில் வைத்து அடித்தார்.