பெடலை மிதிச்ச கால்

நம்புனா நம்புங்க, இல்லாட்டி போங்க. பேயி பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா வண்டிக்கடியில படுத்துக்கினே சிரிக்கிறவன் நான். திண்டிவனத்துல மெக்கானிக் ஷெட்டு வச்சிருக்கேன், கண்ணுல பாக்காத எதையும் நம்புனதில்ல.

அன்னிக்கு நல்ல உச்சி வெயிலு. குமரவேல்னு பழக்கமான கஸ்டமரு, காரைக் கொண்டாந்து நிறுத்துறாரு, நாலு சக்கரத்துலயும் புகை, கருகுற நாத்தம். "பிரேக்கு புடிச்சுக்கினே வருது, ஜல்தி பாருய்யா, விழுப்புரம் தாண்டிப் போவணும்"னாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைச் சுத்துனேன், அசையல. பிரேக் ஆயில் வெளிய விடுற திருகைக் கொஞ்சம் தளத்துனேன், ஆயில் பீச்சி அடிச்சுது, சக்கரம் விட்டுடுச்சு. முறுக்குனேன், திரும்பவும் கப்புன்னு புடிச்சுது. உள்ள யாரோ பெடலை மிதிச்சுக்கினு இருந்தாத்தான் இப்படி ஆவும். எட்டிப் பாத்தா சீட்டு காலி. பெடலு மட்டும் தரையோட அமுங்கிக் கெடக்குது. புடிச்சு இழுத்தேன், சத்தியமா வரல. குனிஞ்சப்பதான் சீட்டுக்கடியில வெட்டுக்கத்தியைப் பாத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"என் தம்பிக்கு. நெலத்தை மொத்தமா எழுதி வாங்கிக்கினான்."

கத்தியை எடுத்துக்கினு ஓடப் பாத்தேன், வீல் ஸ்பானரால பொளேர்னு மண்டையில போட்டாரு. நான் விழுந்துட்டேன், கண்ணுல ரத்தம் வழியுது. கத்தியைப் பொறுக்கிக்கினு கார்கிட்ட போனவரு, பெடலைப் பாத்து அப்படியே நின்னுட்டாரு.

"யம்மா, காலை எடு"ன்னு கத்துறாரு. அங்க யாருமே இல்ல. "எடுக்கிறியா இல்லியா? எப்பவும் அவன் பக்கந்தானா நீ?"

சொல்லிக்கினே பெடலு மேல வெட்ட ஆரம்பிச்சாரு. தகரத்துல நெருப்பு பறக்குது, கால் வைக்கிற மேட்டு கிழிஞ்சு தொங்குது, அழுதுக்கினே வெட்டுறாரு. திடீர்னு பெடலு டொக்குன்னு மேல வந்துச்சு. ஜாக்கியை எறக்கித் தள்ளிட்டு வண்டியை எடுத்துக்கினு பறந்துட்டாரு. நான் தலையைப் புடிச்சுக்கினு போலீசுக்குப் போன் போட்டேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னாடியே, நின்ன டிப்பர் லாரியில சொருகிட்டாரு. அங்கியே முடிஞ்சுது. ரோட்டுல பிரேக் அடிச்ச தடமே இல்லியாம்.

காரியம் முடிஞ்சு தம்பிக்காரரு கோலியனூர்ல இருந்து என்னைத் தேடி வந்தாரு. நடந்ததைச் சொல்லிட்டு, "உங்கம்மா தவறி எத்தினி வருஷம் ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"அம்மா உசுரோடதான் இருக்காங்கண்ணே, எங்கூட. வாதம் வந்து படுத்த படுக்கை, காலு அசையவே அசையாது. ஆனா அன்னிக்கு மத்தியானம் வலது காலு கட்டில் கம்பியை ஒதைச்சுக்கினு நின்னுச்சு. நானும் என் சம்சாரமும் சேந்து இழுத்தும் வரல. அப்புறம் வீல்னு கத்துனாங்க, காலு தொவண்டுடுச்சு."

மனசு கேக்காம போய்ப் பாத்தேன். கட்டில் கம்பி வில்லா வளைஞ்சிருக்கு, காலு குச்சியா கெடக்குது. மூத்த புள்ள செத்த சேதியை அந்தம்மாகிட்ட யாருமே சொல்லல. என்னை முன்னபின்ன பாத்ததுகூட இல்ல. உள்ள நொழைஞ்சதும் என் கையைப் புடிச்சுக்கினு மெதுவா கேட்டாங்க:

"பெரியவன் போய்ச் சேந்துட்டானாப்பா?"