பூஜ்யத்துக்குக் கீழே

நீவெஸின் சமையலறை அலமாரியில் சர்க்கரைக்கும் காப்பித்தூளுக்கும் நடுவே மணல் ஜாடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி, ஆழம், எந்தத் தூணின் அடி என்று எழுதிய சீட்டு. ஒருமுறை தம்பி இவானோ உப்பென்று நினைத்து ஒரு கரண்டி எடுத்து பாஸ்தாவில் போட்டுவிட்டான். பல்லில் நறநறத்தது.

"முப்பது வருஷமா ஆத்துல அள்ளுன மண்ணை இப்ப என் வாயில போட்டுட்டியே!"

"எந்த ஜாடி?" என்றுதான் அவள் கேட்டாள்.

'போ' நதிக்கரையிலேயே பிறந்தவள். அப்பா சரளை வாரும் படகில் வேலை பார்த்தவர். அவர்கள் வீடே ஆற்றுக்கு அடியிலிருந்து அள்ளியதில் எழும்பியதுதான். நீவெஸ் படித்துவிட்டு வந்து, அதே ஆறு எவ்வளவு மணலைச் சுமக்கிறது, எங்கே இறக்குகிறது என்று அளக்கும் வேலையில் சேர்ந்தாள். அளந்து அளந்து கண்டது, ஆறு இப்போதெல்லாம் எதையும் இறக்குவதில்லை என்பதைத்தான். மேலே அணைகள் மணலைப் பிடித்துக்கொண்டன. மிச்சத்தை அப்பா மாதிரி ஆட்கள் வாரிவிட்டார்கள். வெறுங்கையோடு வரும் தண்ணீர் தன் படுகையையே தின்றது.

ஊருக்கு இது உறைக்கவில்லை. காரணம், பாலத்துத் தூணில் பதித்த பளிங்கு அளவுகோல். கோடையில் ஆறு இறங்குகிற மட்டத்தைப் பூஜ்யம் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் செதுக்கியிருந்தார்கள். காப்பிக்கடைக்காரர் தினமும் அதைப் பார்த்துவந்து கரும்பலகையில் எழுதுவார். பூஜ்யத்துக்கு மேலே என்றால் ஊர் விழித்திருக்கும். கீழே என்றால் நிம்மதி. ஆற்றுப்படுகை நான்கு மீட்டர் இறங்கியதும் தண்ணீரும் கூடவே இறங்கிவிட்டது. எத்தனை மழை பெய்தாலும் பலகையில் மைனஸ்தான்.

நவம்பரில் மலைப்பக்கம் மூன்று நாள் மழை. பலகையில் மைனஸ் முப்பது சென்டிமீட்டர். நீவெஸ் இரண்டாவது தூணுக்கு மேலே நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினாள். மீட்டருக்கு ஒரு முடிச்சு. வழக்கமாகப் பத்தொன்பதில் குண்டு தரை தட்டும். இன்று இருபத்திரண்டு போயும் கயிறு தளரவில்லை. இருபத்து மூன்றில் தட்டியது. தூணைத் தாங்கும் மரமுளைகள் இருபத்து நான்கோடு முடிகின்றன; மண்ணுக்குள் மிச்சம் ஒரு மீட்டர்தான்.

மேயர் லோரிஸுக்குப் போன் போட்டாள். பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரன்.

"பாலத்தை மூடு, லோரிஸ்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா தாயே? ஆறு பூஜ்யத்தைக்கூடத் தொடல. மூடினா ஜனங்க நாப்பது கிலோமீட்டர் சுத்திப் போகணும். என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

"பலகை தண்ணியோட தலையைத்தான் சொல்லும். கால் எங்க நிக்குதுன்னு சொல்லாது."

"எழுதிக் குடு. பாக்கறேன்."

எழுதிக் கொடுத்தவை நான்கு அவன் மேசையில் ஏற்கெனவே கிடந்தன. ஒன்றரை மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும், ஓட்டுகிறவன் இவானோ. அவள் தன் காரைப் பாலத்தின் வாயில் குறுக்கே நிறுத்தினாள்.

இவானோ ஹாரனை அழுத்தி ஓய்ந்து, இறங்கி வந்தான். "அக்கா, உனக்கு மூளை குழம்பிப்போச்சா? உள்ள முப்பத்தோரு பிள்ளைங்க பசியோட கத்துதுங்க. பலகையைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"வந்து கயித்தை இழு. முடிச்சை எண்ணு."

முனகிக்கொண்டே இழுத்தான். முதலில் சத்தமாக எண்ணினான். இருபதுக்குமேல் குரல் தேய்ந்தது. ஈரக் குண்டு கைக்கு வந்தபோது, "அப்பா காலத்துல எத்தனை?" என்றான்.

"பதினஞ்சு."

அவன் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது; கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். திரும்பிப் போய்ப் பேருந்தைப் பின்னால் எடுத்தான்.

கால் மணி நேரத்தில் லோரிஸ் கத்திக்கொண்டே வந்தான். நீவெஸ் அவனைக் கம்பியின் நுனியில் நிறுத்தி, தச்சன் பலகை பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னாள். முதல் தூண்வரை கம்பி நேராகப் போயிற்று. இரண்டாவதில் இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"காலையில இல்ல."

லோரிஸ் எதிர்க்கரை மேயருக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் சிரிப்பது நீவெஸுக்கே கேட்டது: "மைனஸ் முப்பதுக்கா பாலத்தை மூடுவாங்க?"

"பலகையை விடுய்யா!" என்று லோரிஸ் அலறினான்.

அக்கரையில் ஒரு லாரி பாலத்தில் ஏறியது. நீவெஸ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நடுப்பாலத்தை நோக்கி ஓடினாள். லாரி விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டது. பிறகு நின்றது.

அவள் காலுக்குக் கீழே தளத்தின் நடுக்கம் நிற்கவில்லை.