வெளுத்த கன்றுகள்

செல்வராணியின் கன்னம் வீங்கியிருந்ததை நாற்றங்காலில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்து பைகளில் மண் நிரப்பினார்கள். அடித்தவன் அங்கேயே மண்டோராக எல்லோரையும் வேலை வாங்கும் அவள் கணவன் அய்யாவு.

அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. இரண்டாவதும் இறந்ததிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர், 'பிள்ளைய முழுங்கினவ'.

பண்டார் தெங்காரா ஊருக்கு வெளியே, எண்ணெய் தரும் செம்பனைகளுக்கு நடுவே இருந்தது அந்த நாற்றங்கால். கலப்பின அக்கேசியாவில் கன்றைக் கொல்லும் மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வரைபடம் போட வந்திருந்தார் டாக்டர் சுபத்திரா. முளைத்ததில் நான்கில் ஒன்று பாலாய் வெளுத்து, சில நாளில் செத்தது. நோஞ்சான் கன்றைப் பிடுங்கி எறிவது தோட்டத்துப் பழக்கம். போன முறை அய்யாவு வெளுத்ததையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டான். ஆறு மாத உழைப்பு சாம்பலானது. இந்த முறை வெளுத்தவை நாற்பத்தொன்று.

"சாகுறதுதான்க்கா எனக்கு வேணும். நாளைக்குக் காலையில வந்து இலை எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் காப்பாத்துங்க," என்றார் சுபத்திரா, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் செல்வராணியிடம்.

"தாய் மரம் கெட்டதா டாக்டர்?"

"ரெண்டு மரமும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு ரெண்டுலயும் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் அத வாங்கின கன்னுதான் சாகும்."

செல்வராணியின் கையிலிருந்த பூவாளி நழுவி விழுந்தது. "மனுசங்களுக்குமா?"

"சில நோய்க்கு அப்படித்தான். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாக்கணும்."

மறுநாள் காலை செல்வராணி கன்றுகளுக்கு நடுவே நின்று அதை அய்யாவுவிடம் சொன்னாள்.

"என் ரத்தத்துலயா கோளாறு? மரத்தப் பாத்துட்டு வந்து எனக்கே பாடம் எடுக்குறியாடி?"

பாராங் கத்தியை உருவினான். வீச்சுக்கு வீச்சு வெளுத்த கன்றுகள் வரிசையாகச் சரிந்தன. பைகள் கிழிந்து மண் தெறித்தது. குறுக்கே பாய்ந்தவளின் கூந்தலைப் பிடித்து இழுத்து, அவளையே வெட்டினான். இடது முழங்கை பிளந்து, வெள்ளை இலைகளின்மேல் ரத்தம் பீறிட்டது. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள், பல் எலும்பில் படும்வரை. கத்தி விழுந்தது.

"அலமாக்! ராணியக்கா!" என்று கத்தியபடி ஓடிவந்த, கூட வேலை செய்யும் செல்லமும் மற்றவர்களும் அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். "போலீசக் கூப்பிடுங்கலா!"

செல்வராணி ஓடவில்லை. மண்டியிட்டு, தண்டில் கட்டிய எண் சீட்டோடு ஒவ்வொரு கன்றாகப் பொறுக்கி, இலை எடுக்க டாக்டர் வைத்துப் போயிருந்த உறையில் போட்டாள்.

கார் வந்து நின்றது. சுபத்திரா பதறி ஓடிவந்தார். "ஐயோ அக்கா! வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!"

"போலாம் டாக்டர். முதல்ல இதப் பிடிங்க. நாப்பத்தொண்ணும் இருக்கு."

பிறகு, மண்ணில் முகம் புதைந்து கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சோதனைக்கு என் ரத்தம் இங்கயே கொட்டிக் கிடக்கு. அவரோடதத்தான் கேட்டு வாங்கணும்."