மயிலாடும்பாறைக் கிணற்றுக் கல்

அந்தக் கல் எங்கள் பக்கத்துக் கல் இல்லை என்று கையில் வாங்கியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வருடமாக அதே மாதிரிக் கற்களைத்தான் நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். தேனியிலிருந்து திருச்சி போகும் வண்டியில் வெகுகாலம் ஓடினேன். ஒரு நாள் முன்சீட்டுக்காரர் ஒருவர் மடியில் துணிப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே தட்டில் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு எடுத்தே காட்டிவிட்டார். கிடாக்கொம்பு போலச் சுருண்ட ஒரு கல். அம்மோனைட் என்றார். நத்தைபோல ஓட்டுக்குள் இருந்துகொண்டு, கணவாய்மீன்போலக் கடலில் நீந்திய உயிராம். பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் செத்துச் சேற்றில் புதைந்து கல்லானது. அவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். அடுத்த வார ஓய்வில் அவர் அந்தக் கல்லை எடுத்த, பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்துக்கு நான் போய்விட்டேன்.

காரையில் மரமே கிடையாது. மஞ்சள் களிமண்ணை மழை அறுத்துப் போட்ட ஓடைகள்தான். குனிந்தபடி நடந்தால் எட்டு மணிக்கே முதுகு தீயும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சுருளின் விளிம்பு மட்டும் தெரியும்போது அந்தச் சூடெல்லாம் மறந்துபோகும். எடுத்ததை எல்லாம் கழுவி, எண் எழுதி, எங்கே எடுத்தேன் என்று நோட்டில் குறித்துவைத்தேன். கழுவ நேரமில்லாமல் விட்டவை மாடியில் சாக்கில் கிடந்தன.

ஒரு ஏக்கம் மட்டும் தீரவில்லை. நம் ஊரில் ஒன்று கிடைக்காதா? கிடைக்காது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். தேனியைச் சுற்றி இருக்கிற பாறை, சிப்பி என்ற உயிர் உலகில் வருவதற்கு முன்பே உண்டானது, அதுவும் பூமிக்குள் வெந்து உருமாறியது, அதில் தேடுவது வீண் என்றார். புத்தியில் அது ஏறியது. மனசில் ஏறவில்லை. இதை நான் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன்.

அவன் அல்லிநகரத்தில் எங்கள் தெருவிலேயே இருப்பவன். போர்வெல் ஏஜென்ட். இருபது வருடச் சிநேகம். அவன் அப்பா இறந்தபோது மயானத்தில் அவன் பக்கத்தில் நின்றவன் நான். எனக்குக் காலில் அடிபட்டபோது மூன்று மாதம் என்னைப் பைக்கில் டெப்போவுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன். காலையில் டீக்கடையில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். மற்றவர்கள் என்னை 'கல்லு' என்று கூப்பிடுவார்கள். அவன் மட்டும் கூப்பிடமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்து, துண்டில் சுற்றியிருந்ததை என் கையில் வைத்தான்.

"மாப்ள, மயிலாடும்பாறையில கெணறு ஆழப்படுத்துறாக. இருவதடிக்குக் கீழ இது வந்துச்சு. ஒன் நெனப்புத்தான் வந்துச்சு எனக்கு."

உள்ளங்கை அளவு அம்மோனைட்.

"நெசமாவா? எங்கனயும் வாங்கிட்டு வரலையே?"

"எம்புள்ள மேல சத்தியம்டா."

அதற்குமேல் என்ன கேட்பது? அன்று மதியமே என்னைப் பைக்கில் கூட்டிப்போனான். கிணற்றுக்காரர் குறுக்கே போட்ட கல்லில் நின்றுகொண்டு, "ஆமாங்க, அந்தா அங்கனதான் வந்துச்சு" என்று உள்ளே கைநீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். கறுத்த பாறைதான் தெரிந்தது. பாறைக்கு நடுவே எப்படியோ ஒரு துண்டு கடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் விடாமல் பேசினேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "ம்" என்றாள்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"வாய்ப்பே இல்லையே. நீங்களே தோண்டி எடுத்தீங்களா?"

"இல்ல சார். என் சிநேகிதன் குடுத்தான்."

"அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருந்தா?"

"அவன் எங்கிட்டப் பொய் சொல்லமாட்டான் சார்."

இந்த வார்த்தையை நம்பித்தான், முழங்கால் வலியோடு அந்த மனிதர் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

கிணற்றடிக்கு நாங்கள் போனபோது டீக்கடை ஆட்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். முக்கியமான நாள் என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பேராசிரியர் கல்லைத் தண்ணீரில் நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். சுருளின் இடுக்கில் குண்டூசியை விட்டுக் கொஞ்சம் மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். மஞ்சளாகப் படிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது காரைக் களிமண்ணு தம்பி. நீங்க பாக்காத மண்ணா?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்ததுமே பின்னால் சிரிப்பு வெடித்துவிட்டது. கிணற்றுக்காரரும் சிரித்தார். "கல்லு கவுந்துருச்சுடோய்" என்று ஒருவன் கத்தினான். நான் என் சிநேகிதனைத்தான் பார்த்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா?"

"சும்மா வெளாட்டுக்கு மாப்ள. நீ எத்தன நாளைக்கு நம்புறன்னு பாத்தோம்."

"புள்ள மேல சத்தியம் பண்ணியேடா. எங்கன வாங்குன இத?"

"வாங்கல. ஒன் சாக்குலருந்துதான். ஒங்க வீட்லதான் எடுத்துக் குடுத்தாக."

பேராசிரியரைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டாள்.

"அந்த அண்ணன் வந்து கேட்டாக. வெளாட்டுக்குன்னு சொன்னாக. நீங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சுருவீகன்னு நெனச்சேன். ஒங்களுக்குத் தெரியாத கல்லா?"

"கண்டுபிடிக்கலைல்ல. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீங்க பேசுன பேச்சு… கல்யாணமாயி இத்தன வருசத்துல எங்கிட்ட அம்புட்டு நேரம் நீங்க பேசுனதே இல்ல. எப்படிச் சொல்ல?"

அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் கல் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறு நாள், என் எதிரே உட்கார்ந்து அவள் சோறு போட்டிருக்கிறாள். அந்தப் பதினாறு நாளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவள் "ம்" என்றதெல்லாம் இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

வீடியோ டெப்போவரை வந்தது. நான் கேட்டு வாங்கிக் குமுளி ரூட்டுக்கு மாறிக்கொண்டேன். சிநேகிதன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். இரண்டாவது முறை அழுதான் என்று மனைவி சொன்னாள். நான் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் இப்போது அவன்தான் தலையைக் குனிந்துகொள்கிறான்.

தீபாவளி கழிந்து நான் மறுபடி காரைக்குக் கிளம்பினேன். விடியற்காலையில் பையைக் கட்டும்போது மனைவி வந்து நின்றாள்.

"நானும் வரட்டுமா? ஒருக்காத்தான் பாக்குறேனே, என்ன இடம்னு."

ஒன்பது வருடத்தில் அவள் முதல்முறையாகக் கேட்கிறாள்.

"பேராசிரியர் காலேஜ் பிள்ளைகளோட வர்றாரு. வண்டியில இடமிருக்காது" என்றேன்.

அப்படி யாரும் வருவதாக இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்து, "ம்" என்றாள். பிறகு உள்ளே போய்த் தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.