டூல்பார் காணாமல் போன திங்கட்கிழமை

செய்யூரில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் டைப்பிங் கடையில் அத்தை வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. செங்கல்பட்டில் ஆறு மாதம் படித்ததாகச் சொல்லிச் சேர்ந்திருந்தாள். உண்மையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் நான்கு நாள் பார்த்ததுதான். திரையின் மேலே வரிசையாக நிற்கும் பொத்தான் படங்களை ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து, எது என்ன செய்யும் என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். முதலாளி இல்லாதபோது மட்டும் அந்த நோட்டு இழுப்பறையிலிருந்து வெளியே வரும்.

கோடை விடுமுறை. அம்மா வேலைக்குப் போவதால் என்னை அத்தையோடு அனுப்பிவிடுவார்கள். எட்டு வயதில் ஸ்டூலில் ஐந்து நிமிடம் உட்காருவதே எனக்குத் தண்டனை.

"சும்மா குந்துடி. இன்னா பேஜாரு பண்ற," என்பாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். வாசலில் ஏழெட்டுப் பேர். ஒரு பெரியவரின் வீட்டுமனைப் பட்டா மனுவை அடித்து முடித்த அத்தை, பேப்பர் எடுக்க உள்ளே போனாள். நான் அவள் நாற்காலியில் ஏறினேன். பொத்தான் வரிசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் வரிசை முழுவதும் கழன்று திரையின் நடுவில் மிதந்தது. மூலையில் ஒரு பெருக்கல் குறி. அமுக்கினேன். வரிசையே இல்லை. ஸ்டூலுக்குத் திரும்பி, என்றும் இல்லாத அமைதியோடு உட்கார்ந்தேன்.

அத்தை நோட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அச்சடிக்கும் பொத்தானும் அந்த வரிசையோடு போயிருந்தது. ஒரு மணியோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வெள்ளைத்தாளை எடுத்து, திரையில் இருந்ததைக் கையால் எழுதத் தொடங்கினாள்.

"கையால எழுதறதுக்கா கம்ப்யூட்டரு கடைக்கு வந்தேன்?" என்றார் பெரியவர்.

"கரண்டு போச்சி தாத்தா."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அப்ப ஃபேனு இன்னா, காத்துல சுத்திகினு கீதா?"

வாசலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முதலாளியும் உள்ளே வந்தார்.

"டூல்பாரு எங்கமா?" மவுஸின் வலப்பக்கத்தை ஒருமுறை அமுக்கி, வந்த பட்டியலில் ஒன்றைத் தொட்டார். வரிசை திரும்பி வந்தது. மனு அச்சாகி வந்ததும் பெரியவர் அதை வாங்கிக்கொண்டு எதிரே ஓடினார்.

"இதுகூடத் தெரியல, ஆறு மாசம் இன்னாமா படிச்ச? யாரு எடுத்தது இத?"

"நாந்தான் சார். கை தவறிப் போச்சி."

மேசைமேல் திறந்து கிடந்த நோட்டை முதலாளி பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூடி அத்தையின் கையில் கொடுத்தார்.

மாலை பஸ்ஸில் அத்தை எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். அவள் மடியில் அந்த நோட்டு இருந்தது. அது ஏன் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அவள் கடைக்குக் கிளம்பவில்லை. இனி ஸ்டூலில் உட்கார வேண்டாம் என்று தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.