பதினேழு விழுந்த சனிக்கிழமை

ஸ்டுட்கார்ட்டில் நான் மாடியறையில் வாடகைக்கு இருந்த வீட்டில், புதனும் சனியும் மாலையில் லொத்தோ என்ற ஜெர்மன் லாட்டரியின் குலுக்கலைப் பார்ப்பார்கள். வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்தவர், பேக்கரியில் வேலை. நாற்பத்தொன்பது எண்களில் ஆறைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அக்காவின் ஆறு எண்கள் மாறியதே இல்லை. கூடப்பிறந்த ஆறு பேரின் பிறந்த தேதிகள் அவை. எந்த எண் விழுகிறதோ, அந்த ஆளுக்கு உடனே போன் போகும்.

"நீ இண்டைக்கு விழுந்திட்டாய்," என்பார் லண்டன் தங்கையிடம்.

"எழும்பிட்டன் எண்டு சொல்லு," என்று ஸ்பீக்கரில் பதில் வரும்.

பதினேழு மட்டும் வேறு. அது டொரன்டோவில் இருக்கும் தம்பியின் எண். அம்மாவின் செத்தவீட்டுக்கு அவர் வராததில் தொடங்கிய கோபம். அக்காவும் விடவில்லை, அவரும் இறங்கவில்லை. பதினேழு விழுந்தால் மட்டும்தான் பேச்சு.

"உன்ர பதினேழு வந்திருக்கு."

"வேறை என்ன வந்தது?"

"ஒண்டும் வரேல்லை."

"அப்ப நாளைக்கும் வேலைக்குப் போ."

பிறகு முழங்கால் வலி, பனி, பிள்ளைகளின் படிப்பு என்று கால் மணி நேரம் ஓடும். போனை வைத்ததும் அக்கா போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எதையும் பட்டியலாக்கிப் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில் எழுதிக் காட்டினேன். ஒன்று, ஆறும் சரியாக வர ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு. எந்த ஆறு எண்ணுக்கும் இதேதான். இரண்டு, ஒரே எண்களைப் போட்டவர்கள் எல்லோரும் பரிசைப் பங்குபோட வேண்டும். மூன்று, ஊரே பிறந்தநாளைத்தான் போடுகிறது. முப்பத்தொன்றுக்கு மேலே போட்டால், விழும்போது பங்கு பெரிது.

"உங்கட தமிழ்நாட்டில லொத்தரே தடையாம். அங்கயிருந்து வந்து எனக்கு வகுப்பெடுக்கிறியள்."

"தடைதான் அக்கா. ஆனா எங்க ஊர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல கேரளா. அங்க கவர்ன்மென்ட்டே விக்குது."

சிரித்தார். "இஞ்சினியர் பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்று பேனாவை என்னிடமே தந்தார். கட்டங்களை நான்தான் நிரப்பினேன்: 32, 37, 38, 43, 46, 49. போன் பேசுவதற்கு லொத்தோத் துண்டுச்சீட்டு எதற்கு, இரண்டும் வேறு வேறு என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, முதல் பந்தே பதினேழு. அக்கா போனைக் கையில் எடுத்தார். தம்பியின் பெயர் வரைக்கும் போய்விட்டார்.

"கூப்பிடுங்க அக்கா."

"துண்டில அவன் இல்லையே, பிள்ளை."

"இல்லாட்டி என்ன, சும்மா பேசுங்க."

"சும்மா எப்பிடிக் கதைக்கிறது?" போனைக் கவிழ்த்து வைத்தார். "அவனும் பாத்திருப்பான். இஞ்சத்த ரிசல்ட் அவன்ர போனுக்கும் போகும்."

பிழை நடந்த பிறகு ஆவணங்களைப் படிப்பது எங்கள் தொழிலின் பழக்கம். லாட்டரிகளைப் பற்றி நிறையப் படித்தேன். இத்தாலியின் ஜெனோவாவில் ஊராள ஆட்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யார் பெயர் வரும் என்று மக்கள் பந்தயம் கட்டினார்கள். பிறகு பெயர்கள் போய் எண்கள் மட்டும் நின்றன. நம் உத்திரமேரூரிலும் குடத்தில் ஓலை போட்டு எடுத்தார்கள். இன்னாரை இன்னார் தேர்ந்தார் என்ற பேச்சு வராமல் இருக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா எண்களில் மறுபடி ஆட்களை வைத்திருந்தார். நான் அவர்களை எடுத்துவிட்டேன்.

கணக்கும் போட்டேன். ஒரு குலுக்கலில் ஒரு குறிப்பிட்ட எண் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. வாரத்துக்கு இரண்டு குலுக்கல். ஆக, அக்காவும் தம்பியும் மாதம் ஒருமுறை, யாரும் இறங்கி வராமலே பேசியிருக்கிறார்கள். முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது.

பழைய எண்களையே போடச் சொன்னேன்.

"இனிப் போட்டால் அவனுக்காகப் போட்ட மாதிரியெல்லோ இருக்கும். ஏலாது, பிள்ளை."

"நான் ஒரு ப்ரோகிராம் எழுதித் தர்றேன். வாரம் ரெண்டு தடவை அதுவே ஒரு பேரை எடுக்கும்."

"அது நீங்கள் எடுக்கிறது," என்றார், கோபமில்லாமல். "லொத்தோ எண்டால் ஆரும் எடுக்காதது."

வேலை மாறி டிரெஸ்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா இன்னும் நான் நிரப்பிய எண்களைத்தான் போடுகிறார். "விழுந்தால் உங்களுக்கும் பங்கு," என்கிறார் போனில். தம்பி கூப்பிட்டாரா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.