சீனியம்மாள் மதினியும் ஐந்தரைக் கட்டையும்

என் மர டிப்போவில் லாரியிலிருந்து தீக்குச்சிக்கான கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. போன் அடித்தது. கழுகுமலையிலிருந்து அண்ணன். "ஏலே, ஒம் மதினி போய்ச் சேந்துட்டாளே" என்றார். லாரிக்காரருக்கு என்ன பதில் சொன்னேன், கடையை யார் பூட்டினார்கள், எதுவும் நினைவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். காரியம் முடிந்து திரும்பிய பிறகும் கால் ஓரிடத்தில் தரிக்க மாட்டேன் என்கிறது. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

சீனியம்மாள் மதினியை அறிந்தவர்களுக்கு அவருடைய வேகமும் தெரிந்திருக்கும். எப்போதும் ஓட்டமும் நடையும்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போதே பாதி எழுந்திருப்பார். "உக்காந்தா வேலை என்னத் தேடியா வரும்?" என்பார்.

பல வருஷங்களுக்கு முன் ஒருநாள், ஆனிக் காற்றில் தலையெல்லாம் புழுதியோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு டிப்போவுக்கு வந்து நின்றார். "கொழுந்தனாரே, சட்டைய மாட்டுங்க. மதுரைக்குப் போவணும்."

மகள் கோமதி அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். திருவிழாவில் நாயனக்காரர் வாசித்ததை மறுநாள் அடுப்படியில் அப்படியே பாடிக் காட்டுகிற பிள்ளை. மதுரையில் இசைப்பள்ளி ஒன்றில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். அண்ணனோ, "பாடுத பிள்ளைய எவன் கெட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, சங்கரன்கோவில் பக்கம் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். தையில் கல்யாணம்.

நான் ஒளிக்காமல் கேட்டேன்: "பாட்டு படிச்சா சோறு கெடைக்குமா மதினி?"

"கெட்டிக் குடுத்தா மட்டும் கெடைச்சிருமாக்கும்? அங்கனயும் இவதான பொங்கணும்."

சட்டையை மாட்டினேன்.

இசைப்பள்ளியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "பொண்ணு எத்தனை கட்டைல பாடும்?" என்று கேட்டார். மதினி சட்டென்று என்னைக் கைகாட்டினார்.

"கட்ட யாவாரம் இவியதான் சார். எத்தன லோடு வேணும்னாலும் எறக்கிருவாவ."

சுருதியையும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கோமதியின் முகம் மட்டும் சுண்டிப்போனது. பாடச் சொன்னார்கள். வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை.

நடுவில் இருந்த பெரியவர் தன்மையாகத்தான் சொன்னார்: "பயப்படுது. ஊர்ல சரளி வரிசை பழகிட்டு அடுத்த வருஷம் வாங்க."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓரிடத்தில் நிற்காத மதினி அசையாமல் நின்றார்.

"அடுத்த வருசம் இவ வரமாட்டா சார். தையில கழுத்துல தாலி ஏறிரும். இப்பக் கேளுங்க, இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. அடுத்த வருசம்னு மட்டும் சொல்லாதீங்க."

பிறகு மகளைப் பார்த்து, "ஏட்டி, சிரிச்சது என்னியப் பாத்து. ஒனக்கென்ன? நீ பாடு" என்றார்.

பெரியவர் மெதுவாக ராகத்தில் ஓர் இழை பாடினார். கோமதி தரையைப் பார்த்தபடியே அதைத் திருப்பிப் பாடினாள். அவர் நீட்டினார், இவளும் நீட்டினாள். அவர் வளைத்த இடத்திலெல்லாம் வளைந்தாள். சோதிக்கிறோம் என்பதையே மறந்து அவர் பாடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் மதினியிடம், "அஞ்சரைக் கட்டைம்மா. திங்கக்கிழமை தட்டும் போர்வையுமா ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கோமதி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். சாத்தூர் தாண்டியதும் மதினி என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழமைக்கு மேல அடுப்படி உம்முன்னு கெடக்கும்லா, கொழுந்தனாரே."

"ரேடியோ வாங்கித் தாரேன் மதினி."

"ரேடியோவ ஏட்டின்னு கூப்பிட முடியுமா?"

அண்ணன் எங்கள் இருவரிடமும் வெகுகாலம் முகம்கொடுத்துப் பேசவில்லை. சங்கரன்கோவில் மாப்பிள்ளை வேறிடத்தில் பெண் எடுத்தார். கோமதி இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

வியாபாரத்தில் 'அப்புறம் வாருங்கள்' என்பதைப் போல வசதியான சொல் கிடையாது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வாசலைவிட்டு அனுப்பிவிடலாம். மதுரைக்குப் போய் வந்த பிறகு அதை நான் சொல்வதில்லை. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை அங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு வந்து நிற்பவருக்கு எது தையோடு முடியப்போகிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?